வற்றாத சொற்கடல்

“ஐயா, நிறுத்திடாதீங்க! இன்னும் பேசுங்க!” கூட்டத்திலிருந்து எழுந்து நின்று கும்பிட்டாள் சுந்தரம்மாள்.

மேடையில் நின்ற ‘சொற்கடல்’ இளவழகனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒடுகத்தூரில் அவர் வாயைத் திறந்தாலே நாற்காலிகள் காலியாகும். இந்த ஜவ்வாது மலைச் சிற்றூரில் வெயில் தாழும்போது தொடங்கிய பேச்சு. பொழுது சாய்ந்தும் ஒருவர்கூட அசையவில்லை.

குழாய் ஒலிபெருக்கிகள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விளைந்து நின்ற சாமைக் கொல்லையைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன. செடி கொடிக்கும் தம் கருத்து போய்ச் சேரட்டும் என்கிற பக்தி அது என்று எடுத்துக்கொண்டார்.

“மனிதனுக்குள் ஒரு மிருகம் உண்டு. அதை விரட்டும் வலிமை நல்ல சொல்லுக்கே உண்டு!”

கைதட்டல் காதைப் பிளந்தது.

சந்தோஷம்தான். ஆனால் கீழே ஒடுகத்தூரில் ‘அறநெறிச் செம்மல்’ பட்டமும் சால்வையும் காத்திருந்தன. மலையிறங்க இருப்பதோ ஒரே ஜீப். அதன் சாவி உள்ளூர் ஓட்டுநர் சின்னராஜ் இடுப்பில்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் இறங்கிவந்து அவனிடம் கிசுகிசுத்தார். “வண்டிய எடுப்பா. பட்டத்த வேற எவனுக்காச்சும் குடுத்துடப் போறானுங்க.”

“இன்னாங்க ஐயா நீங்க! ஜனங்க எவ்ளோ ஆசையா உக்காந்துனு இருக்காங்க. இருட்டற நேரத்துல உட்டுட்டுப் போனா பாவம் இல்லீங்களா?” அவரை அப்படியே திருப்பி மேடையில் ஏற்றிவிட்டான்.

பொறுமையைப் பேசினார். புலனடக்கத்தைப் பேசினார். ஆசையை விடச் சொல்லும்போது மட்டும் சால்வை கண்முன் ஆடியது. கடைசியில், மௌனமே பேரறம் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார், அதோடு தப்பித்துவிடலாமென்று.

“மௌனம் வாணாங்கையா! அந்த மிருகத்தப் பத்தியே சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க!” என்றாள் சுந்தரம்மாள்.

கத்தினார். குரல் கம்மியது, கீச்சிட்டது, பிறகு வெறும் காற்றுதான் வந்தது. கண்ணில் நீர் மல்கக் கை கூப்பினார். அறத்துக்கு இப்படித் தவிக்கிற சனமா! பட்டம் கிடக்கட்டும்.

சுந்தரம்மாள் பதறிப்போய்க் கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

“ஐயாவுக்குத் தொண்ட போயிடிச்சி, காட்டுப்பன்னி கொல்லைல எறங்கிடும்... பழைய தகரத்தையே எடுத்துத் தட்டுங்கடா!”