நீல அட்டை நோட்டு

"ஏலே, தமிழ்ச் சோறு தின்னுட்டு மலையாளமா படிக்கே?"

நாராயணபெருமாள் போட்ட சத்தத்தில், பூதப்பாண்டி வாசகசாலையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலைதூக்கினார்கள். அவர் ஊர்ப் போராட்டக் கமிட்டித் தலைவர். திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்.

அவர் கையில் ஒரு நீல அட்டை நோட்டு. எதிரே கூனிக் குறுகி நின்றான் கோலப்பன்.

"அடுத்த மாசம் திருவனந்தபுரத்துல கிளார்க் வேலைக்கு இண்டர்வியூ மாமா. அங்க மலையாளத்துலதான் கேப்பாவளாம். அதான்..."

நாலு மாதமாகத் தபாலாபீஸ் நாயரைக் கெஞ்சிக் கேட்டு, நூற்றுச் சொச்சம் கேள்வி பதில்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். வயது வரம்பு இருபத்தைந்து. இந்த வருஷத்தோடு அவனுக்கு அது முடிகிறது. இதை விட்டால் சர்க்கார் வேலைக்கு இனி மனுப் போட முடியாது.

அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

"ஒரு குமாஸ்தா வேலைக்கு நாக்கை விக்கப் போறியா?" என்றார் நாராயணபெருமாள்.

"இவனைப் போல நாலு பேரு போதும். ஊரு வெளங்கிரும்!" என்றார் ஒருவர். இன்னொருவர் ஜன்னல் வழியாகத் துப்பவே செய்தார்.

"இண்டர்வியூவுக்குப் போக மாட்டேன்னு பூதலிங்கசாமி நடையில சத்தியம் பண்ணுலே!"

ஊர்வலம் மாதிரி அழைத்துப் போனார்கள். சத்தியம் பண்ணினான். பயந்தாங்கொள்ளி, வேறென்ன செய்வான்?

நோட்டை அவர் திருப்பித் தரவில்லை.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதைக் கொளுத்துகேன். பாக்கவனுக்கு ஒரு பாடமா இருக்கட்டு."

சொன்னபடி கொளுத்தினார். கோலப்பன் என்று பெயர் எழுதியிருந்த நீல அட்டையைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டுத் தீக்குச்சியை உரசினார். என்ன கைதட்டல்! பக்கத்தில் நின்றவன் முழங்கையால் இடித்ததில் கோலப்பனும் தட்டினான்.

இண்டர்வியூவுக்கு முந்தின நாள், அம்மா தாணம்மாள் சலவை வேட்டியை எடுத்து வைத்தாள்.

"சத்தியம் பண்ணிட்டேன்லா அம்மா."

"சாமிகிட்ட நான் பதில் சொல்லிக்கிடுகேன். நீ போ மக்கா."

"நோட்டும் இல்ல."

"நாலு மாசமா தூக்கத்துலகூட அதைத்தான் பெனாத்தினே. கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். போலே!"

போனான். விடிகாலையில் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஊர்க்காரன் எவன் கண்ணிலும் படாமல் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினான். சாமி நடையில் பண்ணின சத்தியத்துக்கு அவன் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

"ஏலே கோலப்பா! இங்க வா மக்கா!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்சீட்டில் சிவதாணு உட்கார்ந்திருந்தான். நாராயணபெருமாளின் ஒரே மகன். பாளையங்கோட்டையில் படித்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பியிருந்தான். நடந்த கூத்து எதுவும் அவனுக்குத் தெரியாது.

"நீயும் கிளார்க் இண்டர்வியூவுக்கா? நானும் அதுக்குத்தான். வெளிய சொல்லப்பிடாதுன்னு அப்பா சொல்லிருக்காவ. நீ நம்ம ஆளுல்லா, உனக்கிட்ட என்ன!"

கோலப்பன் துண்டை மெல்லத் தலையிலிருந்து எடுத்தான்.

"மாமா பஸ் ஏத்திவிட வரல்லியா?"

"தோவாளையில ராத்திரிக் கூட்டம்லா. பேசப் போனாவ, இன்னும் திரும்பல்ல."

பஸ் கிளம்பியது. சிவதாணு மடியில் பழுப்புக் காகித அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். வில்லுக்குறி தாண்டியதும், கொஞ்சம் தயங்கி, அதை நீட்டினான்.

"நீயும் ஒருக்க பாத்துக்கோ. திருவனந்தபுரத்துல ஒரு வாத்தியாரைப் பிடிச்சு அப்பா எழுதி வாங்கினது. மலையாளம் அம்புட்டும் தமிழ் எழுத்துலயாக்கும். எனக்குன்னே எழுதினது போல இருக்கு, கேட்டியா?"

கோலப்பன் பிரித்தான். முதல் பக்க மூலையில், எழுதத் தொடங்கிய அன்று அம்மா தொட்டு வைத்த மஞ்சள் அப்படியே இருந்தது.

அவன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். அழுகை வருவது போல் இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. நோட்டை மூடி, சிவதாணுவின் மடியிலேயே வைத்தான்.

"பதினோராம் பக்கத்துல தாலுக்கா கணக்கு தப்பு, திருத்திக்கோ மக்கா. நான் எழுதும்போது எனக்குச் சரியாத் தெரியாது."