நாற்பத்தொரு படங்கள்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் கிடத்தியிருக்கிறது. போன மாதம் போய்விட்ட அம்மாவின் நாற்பத்தொரு படங்களை, மகள் சி என்ற கணினி மொழியில் சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் தனக்கு முந்தியது எது, அடுத்தது எது என்று தெரியும். முதல் படத்தில் அம்மா, காற்று புரட்டிப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் சிரிக்கிறாள். கடைசிப் படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில், மூக்கில் குழாய். "தலைகீழா ஓட விடும்மா," என்கிறார் அப்பா. "கட்டில்ல ஆரம்பிச்சா, அவ கொஞ்சம் கொஞ்சமா தேறி வர்ற மாதிரி இருக்கும்ல." மகள் கீபோர்டில் தட்டுகிறாள். ஒவ்வொரு படத்திலும் முந்தியதும் அடுத்ததும் இடம் மாறிக்கொள்கின்றன. அப்பா கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியை நெருக்கிப் போடுகிறார். அவள் ஓட விடுகிறாள். கட்டில் வரவில்லை, குடைதான் வருகிறது. அம்புக்குறியை அழுத்துகிறாள், மறுபடியும் அழுத்துகிறாள். குடை அசையவில்லை. "அய்யோ, எல்லாத்தையும் திருப்பிட்டு, எதுல ஆரம்பிக்கணும்னு மாத்த மறந்துட்டேன்ப்பா. பழைய முதல் படத்துலயே நிக்குது. இப்ப அதுதான் கடைசி, அதான் அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. ஒரே ஒரு வரிதான், இருங்க." கீபோர்டுக்குப் போகும் அவள் கையின் மேல் அப்பாவின் கை வந்து படிகிறது. சில்லிட்டிருக்கிறது. அவர் கண் திரையை விட்டு விலகவில்லை. "வேணாம்மா. இதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்கலைன்னு இருக்கட்டும்."