முப்பத்தேழு பல்

காற்று திரும்பிவிட்டது.

காலையில் முதுகைத் தள்ளிய காற்று, இப்போது முஜெல்லோ பந்தயத் தடத்தின் நீண்ட நேர்ப்பாதையில் முகத்தில் அடித்தது. டிட்சியானோவுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஷெட்டுக்குள் குட்டி போட்ட பூனைபோலச் சுற்றிச்சுற்றி வந்தான்.

அவன் ஓட்டப்போகும் பைக்கின் பின் பல்சக்கரத்தில் முப்பத்தாறு பல்லா, முப்பத்தேழா? ஒரு பல் குறைந்தால் நேர்ப்பாதையில் வேகம் கூடும். ஆனால் அதை இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு வேண்டும். காலைக் காற்றில் முப்பத்தாறு பறந்தது. இப்போது?

இன்றைய பந்தயத்தில் முதல் ஐந்து இடத்துக்குள் வராவிட்டால் அடுத்த வருடம் அணியில் அவனுக்கு இடமில்லை. முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மெக்கானிக் துயிலியோ காப்பிக் கோப்பையோடு வெளியே ஒரு சுற்றுப் போய் வந்தார். எதிரணி பல்லை எண்ணிவிடக் கூடாது என்று எல்லோரும் பல்சக்கரத்தைத் துணி போட்டு மூடிவைப்பார்கள். அவரும் சளைக்காமல் போய் எட்டிப் பார்ப்பார்.

"உங்கக்கா ஷெட்ல துணியே போடலப்பா. முப்பத்தேழு. ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

அக்கா மிரெல்லா எதிரணி மெக்கானிக். அவளை விட்டுவிட்டு இந்த அணிக்கு அவன் வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"அவளா மறப்பா? அப்பா செத்த சேதி வந்தப்பவே மூடி வெச்சுட்டுதான் அழுதா. நமக்குப் பொறி வெக்கிறா. கடைசி நேரத்துல மாத்திருவா. முப்பத்தாறே போடுங்க."

முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. எதிர்காற்றில், ஆறாவது கியரில், பைக் மூட்டை ஏற்றிய வண்டிபோல முக்கியது. ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள்.

எட்டாவது இடம். முதலாளி அவன் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

டிட்சியானோ நேராக அக்காவின் ஷெட்டுக்குப் போனான். வண்டி ஸ்டாண்டில் நின்றது. குனிந்து, விரல் வைத்து எண்ணினான். முப்பத்தேழு.

மறுபடியும் எண்ணினான். அதேதான்.

"ஏன்க்கா மூடல?"

மிரெல்லா நிமிரவில்லை.

"துயிலியோ மாமாவுக்குக் கண்ணு மங்கலாச்சேடா. அதான் வெளிச்சத்துப் பக்கம் வேற திருப்பி வெச்சேன்."

பந்தயம் முடிந்த வண்டியின் பல்சக்கரத்தை யாரும் மூடுவதில்லை. அவள் தோளில் கிடந்த துணியை எடுத்து மூடினாள்.