பூ வாங்கப் போனவன்

காரியம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சிவசங்கரி வாசலில் அண்டா நிறைய வெந்நீர் கொதிக்கவைத்துக்கொண்டு, செத்துப்போன புருஷனின் ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமியார் பாப்பாத்திக்கு வயிறு எரிந்தது.

சந்திரசேகர் அவளுக்கு ஒரே பிள்ளை. நாராயணவனத்திலிருந்து சாயங்காலம் புத்தூருக்குப் போனவன், திரும்பி வரும்போது லாரியில் அடிபட்டான். அந்த நேரத்தில் எதற்குப் போனான் என்று எல்லாரும் கேட்டார்கள்.

"நாந்தான் பூ வாங்கியாரச் சொன்னேன்" என்று பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருமகளே சொன்னாள்.

அன்றிலிருந்து பாப்பாத்தி அவள் கையால் சோறு வாங்கவில்லை. துக்கம் கேட்க யார் வந்தாலும், பூவுக்கு ஆசைப்பட்டு என் பிள்ளையைக் கொன்றவள் இவள்தான் என்று கையை நீட்டிக் காட்டுவாள். நம்ம கோயில் வாசலில் கிடைக்காத பூவா என்பாள். சிவசங்கரி ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

வண்டி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேற்றுதான் வந்தது. லாரி இடித்ததிலும் மூன்று வாரம் சித்திரை வெயிலில் கிடந்ததிலும் வண்டியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவரெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. மெக்கானிக்கிடம் போகாமல் வீட்டிலேயே நிமிர்த்தலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு கவரை வெந்நீரில் முக்கினாள். இளகியதும் பழைய துணியால் பிடித்து, கல்லின்மேல் வைத்து அழுத்தினாள். நிமிர்ந்ததும் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். விரலெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"ஊர் சுத்தக் கெளம்பிட்டியா?" என்றாள் பாப்பாத்தி.

"திங்கக்கெழமை கம்பெனிக்குப் போவணும் அத்தே. ரெண்டு பேரும் துன்னணும் இல்ல?"

அடுத்த கவரின் ஸ்குரு சீட்டுக்கு அடியில் இருந்தது. சாவி போட்டுச் சீட்டைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பிறகு உள்ளேயிருந்து ஒரு பையை எடுத்து, அவசரமாக முந்தானைக்குள் மறைத்தாள்.

பாப்பாத்தி பார்த்துவிட்டாள்.

"எம் புள்ள வெச்சிட்டுப் போனத எங்கிட்டயே மறைக்கிறியா? குடு."

"வாணாம் அத்தே. உட்டுடு."

பாப்பாத்தி விடவில்லை. பிடுங்கித் தரையில் கொட்டினாள்.

ஒரு ஜோடி செருப்பு. பித்தவெடிப்புக்காரர்கள் போடுகிற மெத்துமெத்தென்ற செருப்பு. பாப்பாத்தியின் அளவு.

பாதம் எரியுது, ஒரு அடி எடுத்துவைக்க முடியல என்று, அவன் புத்தூருக்குப் போன அன்று காலையில் மகனிடம் புலம்பியது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப... பூவு?" என்றாள்.

சிவசங்கரி குனிந்து, செருப்பைப் பொறுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"என்னையே திட்டிக்கினு இரு அத்தே. உன்ன நீயே திட்டிக்க ஆரம்பிச்சா, நீ தாங்கமாட்டே."