கை வைத்தவர்

படியில் கால் வைத்ததும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதே டவுன் பஸ். காலை பத்து மணி நடை.

எழுபத்திரண்டு நாள் கழித்து ஏறுகிறாள். ஜவுளிக்கடையில் இன்றுதான் மறுபடியும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஜன்னலோரம் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். இரண்டு வரிசைக்கும் நடுவே இருந்த தரையைப் பார்க்கவில்லை.

அங்கேதான் அன்று அவளைக் கிடத்தியிருந்தார்கள்.

பஸ் கிளம்பியது. நெஞ்சு படபடத்தது.

இது பயமா? இல்லை, அதுவா?

இடது காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். இதயத் துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே ஷாக் மாதிரி ஓர் அடி அடிக்குமாம். அடித்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்படக் கூடாது என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அந்த அடிக்காகக் காத்திருக்கிறாள். குளிக்கும்போது. தும்மும்போது.

மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். தொண்ணூற்றெட்டு. மறுபடி எண்ணினாள். நூற்று நான்கு.

பின்னாலிருந்து குரல் வந்தது. "டிக்கெட், டிக்கெட்."

கண்டக்டரின் அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் இதே பஸ்ஸில் போனபோது அதைக் கவனித்ததில்லை. வீடியோவில் கேட்டது.

அன்று ஜன்னலோரம் உட்கார்ந்தது வரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் மூன்றாம் நாள், ஐ.சி.யூ.வின் வெள்ளைக் கூரை. நடுவில் நடந்ததில் அவளுக்குத் தெரிந்தது, யாரோ செல்போனில் எடுத்த இரண்டரை நிமிட வீடியோ மட்டும்தான்.

அதில் அவள் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறாள். மாராப்பு விலகியிருக்கிறது. ஒரு பெண் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள். ஒருவரும் தொடவில்லை.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மண்டியிடுகிறார். அவள் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்குகிறார்.

"வேய், பொம்பளப்பிள்ள மேல எங்க கை வைக்கீரு?"

யாரோ அவர் காலரைப் பிடித்து இழுக்கிறார்கள். பொத்தான் தெறிக்கிறது.

அவர் விடவில்லை. சத்தமாக எண்ணிக்கொண்டே அமுக்குகிறார். முப்பது வந்ததும், "மன்னிச்சுக்கோங்கம்மா" என்கிறார். மறுபடி ஒன்றிலிருந்து.

ஒவ்வொரு முப்பதுக்கும்.

பஸ் எங்கும் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. பதினோரு நிமிடம். "அந்த ஆளு கைய எடுத்திருந்தா, நாங்க ஒண்ணும் பண்ணிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதற்குக் கீழே கண்டவர்களும் அசிங்கமாக எழுதியிருந்ததை எல்லாம் அவள் படித்தாள். கணவன் பரமகுருவும் படித்தான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று காலை அவள் செருப்பை மாட்டும்போதுதான் சொன்னான்.

"ஆவுடை, ஆட்டோல போ. அந்த பஸ்ஸு வேண்டாம்."

அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

குரல் நெருங்கியது. மூன்று சீட் பின்னால். இரண்டு. இப்போது தோளுக்குப் பக்கத்தில்.

பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து, விரல் படாமல் நுனியைப் பிடித்து நீட்டினார். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. இசக்கியப்பன்.

அவள் நிமிர்ந்தாள்.

டிக்கெட் அவர் கையிலேயே நின்றது.

பார்வையைச் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே திருப்பிக்கொண்டார். "நல்லாருக்கீங்களாம்மா?"

சொல்லிப் பார்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"விலா எலும்பு மூணு முறிஞ்சிருந்துச்சு" என்றாள்.

அவர் முகம் செத்துப்போனது. "வேணும்னு செய்யலம்மா. டிப்போல ஒரு நாள் பொம்மைய வச்சுச் சொல்லிக்குடுத்தாவ. அந்தப் பலத்துல அமுக்கலேன்னா..."

"ஐயோ, அதுக்குச் சொல்லலண்ணே. எல்லாம் சேந்துட்டு. இப்ப வலியில்ல. அதச் சொல்லத்தான் இந்த பஸ்ல வந்தேன்."

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். எதிர் சீட்டுக்காரர் நீட்டிய சில்லறையை வாங்கவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல் அவள் கேட்டாள். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

வெறும் உபசாரத்துக்குத்தான் கேட்டாள்.

பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டியது.

"அந்த வீடியோவ யாரோ எம் வீட்டுக்காரிகிட்ட காட்டிட்டாவ" என்றார். "சோறு வைக்கா. துணி துவைச்சுப் போடுதா. ரெண்டு மாசமா மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கா."

சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். டிக்கெட்டை அவள் மடியில் வைத்துவிட்டு வேகமாக முன்னால் போய்விட்டார்.

அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஜார் ஸ்டாப் வந்தது. ஜவுளிக்கடை எதிரிலேயே இருந்தது. முதலாளி வாசலில் நின்று ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். நான்கு பேர் இறங்கினார்கள்.

அவள் எழவில்லை.

"எறங்கலியாம்மா? ஒங்க கட வந்துட்டுல்லா?"

"ஒங்க வீடு எந்த ஸ்டாப்புண்ணே?"

இசக்கியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது.

"கடைசி ஸ்டாப்பு" என்றார். "டீக்கடைக்குப் பின்னால, பச்ச கேட்டு."

ஓட்டுநர் தலையைத் திருப்பினார். "என்ன அண்ணாச்சி, எடுக்கவா?"

அவர் விசிலைக் கையிலேயே வைத்திருந்தார்.

"எடுங்கண்ணே" என்றாள் ஆவுடை.