முன்சக்கரம் உரசுகிறது

ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி அவள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சம்பத் படுத்திருந்தார்.

"இன்னுங் கொஞ்சம்," என்றார்.

திருப்பினாள். உள்ளே எதுவோ கிர்ரென்று உரசியது.

"போதும். விட்ரு."

விட்டாள்.

பிற்பகலில் பந்தயம். மற்ற அணிகளின் கார்கள் பயிற்சிச் சுற்றுக்குப் போய்விட்டன. அவளுடைய கார் மட்டும் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட் அறைக்குள், முட்டுகளின் மேல் நின்றிருந்தது.

சம்பத் அணியின் தலைமை மெக்கானிக். அவள் முதன்முதலாகப் பந்தயம் ஓட்டியபோதும் அவர்தான் வண்டியைப் பார்த்தார்.

போன பந்தயத்தில் கார் முதல் வளைவில் திரும்பவில்லை. நேரே போய், ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்ச் சுவரில் மோதியது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னாள். அணியின் முதலாளி விஜயகோபால் வேறு எதுவும் கேட்கவில்லை. பெரிய பிரேக்காக வாங்கிப் போடச் சொல்லிவிட்டார்.

பெரிய பிரேக் பழைய சக்கரத்துக்குள் அடங்கவில்லை.

காலையிலிருந்து சம்பத் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் சக்கரத்தின் உள்பக்கம் இடித்தது. நடுவில் வட்டத் தகடு ஒன்றை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினார். காலிப்பர் தப்பியது. இப்போது டயர் மட்கார்டில் உரசியது. மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடக்கினார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மேலே ஏற்றிப் பார்த்தால், பிரேக் குழாய் இழுபட்டு டயரில் பட்டது.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று.

அவர் சொன்னபோதெல்லாம் அவள் திருப்பினாள். சொன்னபோதெல்லாம் விட்டாள். அலுப்பாக இல்லை. அவசரமாகவும் இல்லை. யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். குடித்தாள்.

சம்பத் குழாயை வேறு வழியாகக் கொண்டுபோய்க் கிளிப் போட்டு இறுக்கினார். காலிப்பரின் முதுகில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கொஞ்சம் ஒட்டினார். சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டு மறுபடி கழற்றினார். மண் லேசாக நசுங்கியிருந்தது. அறுபடவில்லை. இடைவெளி போதும்.

மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சக்கரத்தை இறுக்கினார்.

"இடது."

திருப்பினாள்.

"வலது."

திருப்பினாள்.

எங்கும் படவில்லை. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

அவர் எழுந்து ஜன்னலருகே வந்தார். கையில் பழைய பிரேக் பேடு ஒன்று இருந்தது. போன பந்தயத்தில் காரில் இருந்தது.

"நேத்துக் கழட்டுனேன். தேயவே இல்ல. எண்ணெயும் ஒழுகல." குரலைத் தணித்தார். "நெசமாவே பிடிக்கலையா கண்ணு?"

அவள் பேடைப் பார்த்தாள்.

"மிதிக்கலீங்ணா."

அன்றைக்கு வளைவு வருவது தெரிந்தது. தூரம் காட்டும் பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்றும் தெரிந்தது. எடுக்கத் தோன்றவில்லை. சாக வேண்டும் என்றும் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் அது.

சம்பத் பேடைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

"தெரியலீங்ணா."

விஜயகோபால் வாசலில் வந்து நின்றார்.

"என்ன சம்பத், ரெடியா?"

சம்பத் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"இல்லீங்க சார். முன்சக்கரம் உரசுது."

"காலையில இருந்து என்னதான் பண்ணுனீங்க?"

"வேற ரிம்முதான் வாங்கோணும். இதுல ஆகாதுங்க."

முதலாளி குனிந்து சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. டயரின் உள்பக்கம் சம்பத்தின் கை இருந்தது.

அவள் இருந்த இடத்திலிருந்து அந்தக் கை தெரிந்தது. மணிக்கட்டு நரம்பு புடைத்திருந்தது.

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கைகளை எடுத்தாள். பந்தயத்திலிருந்து பெயரை எடுக்கச் சொல்ல அவர் அலுவலகத்துக்குப் போனார். போகும்போது ஒரு ஸ்டூலை உதைத்துவிட்டுப் போனார்.

"எறங்கு கண்ணு."

"கொஞ்ச நேரங் கழிச்சுங்ணா."

சம்பத் வற்புறுத்தவில்லை. காரின் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். அணியில் வேலைசெய்யும் பையன்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

வெளியே பந்தயம் தொடங்கியது. தகரக் கூரை அதிர்ந்தது. பிறகு முடிந்தது. ஒலிபெருக்கியில் யாரோ பெயர்களை வாசித்தார்கள்.

அவள் கேட்டாள்.

"அம்மா போனன்னைக்கு நீங்க வந்தீங்களாண்ணா?"

"வந்தனே கண்ணு. நீதான டீ கொண்டாந்து குடுத்த."

"நானா?"

"வந்தவங்களுக்கெல்லாம் நீதான் குடுத்த. தைரியமான புள்ளைன்னு சொல்லிக்கிட்டாங்க."

அவள் நினைத்துப் பார்த்தாள். தட்டு நினைவுக்கு வரவில்லை. தம்ளர் நினைவுக்கு வரவில்லை. வாசலில் கிடந்த செருப்புகள் மட்டும் வந்தன. அவற்றுக்கு நடுவே அம்மாவின் செருப்பும் கிடந்தது. யாரும் அதை எடுத்து வைத்திருக்கவில்லை.

"அழுதனாங்ணா?"

"இல்ல கண்ணு."

அவள் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பத் எழுந்தார். கையைத் துணியில் துடைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய், ஷட்டரை முழங்கால் உயரம்வரை இறக்கினார். அதற்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

பக்கத்து அணியைச் சேர்ந்த ஒருவர் ஸ்பேனர் கேட்டு வந்தார்.

"அப்பறம் வாங்க," என்றார் சம்பத். "உள்ள வேலை நடக்குது."