ஐந்து பேர் சவாரி

"பெட்ரோலை ராமநாதபுரத்துலயே ரொப்பிக்கணுங்க," என்றான் மைக்கேல்ராஜ். "தீவுக்குள்ள போயி பங்க்கைத் தேடிகினு சுத்தக்கூடாது."

அம்பாஸடர் டிக்கியில் புளிச்சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டிருந்த ரங்கசாமி தலையாட்டினார்.

ஆரணி டாக்ஸி ஸ்டாண்டில் பாம்பன் பாலத்தின் மேல் வண்டி ஓட்டியவன் மைக்கேல்ராஜ் ஒருவன்தான். பாலம் திறந்தே நான்கு மாதம்தான் ஆகிறது.

நாளை தை அமாவாசை. அன்றைக்கு எப்படியும் நெசவு கிடையாது. கூட இரண்டு நாள் தறியை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு ராமேஸ்வரம் கிளம்பிவிட்டார் ரங்கசாமி.

"மணல் ரோட்டு மேலயே வந்து கெடக்கும். ஒரேயடியா பிரேக் மிதிச்சா வழுக்கும். கடல் பாக்குற குஷியில ரோட்டை வுட்டு எறங்கினா டயர் பொதைஞ்சிடும். திரும்பி வந்ததும் அடியில நல்ல தண்ணி அடிச்சிக் கழுவணும். இல்லன்னா உப்பு துன்னுடும்."

பக்கத்து வண்டியில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த டிரைவர் தணிகாசலம் சிரித்தான்.

"ஒரு தபா போயி வந்துட்டு இன்னா பேச்சு பாரு! தீவையே இவன்தான் தூக்கினு போயி கடல்ல வெச்சா மாதிரி."

பின் சீட்டில் ரங்கசாமியின் மனைவி செல்லம்மாளும், மகளும், மகனும் சேர்ந்து சிரித்தார்கள்.

முன் சீட்டில் பொன்னுசாமி கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். ரங்கசாமியின் அண்ணன். ஐம்பது வயது. பிறவியிலேயே பேச்சு வராது. எழுதவும் தெரியாது. பொழுது விடிந்தால் தம்பியின் தறிக்கு நூல் சுற்றுவார். பொழுது போனால் படுத்துக்கொள்வார்.

இன்றைக்குப் புதுச் சட்டை.

ரங்கசாமி டிக்கியை மூடினார். மைக்கேல்ராஜின் தோளில் கைபோட்டு வண்டிக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

"வர்றப்போ நாங்க நாலு பேர்தாம்பா."

"யாருங்க எறங்கறது?"

ரங்கசாமி முன் சீட்டைப் பார்த்தார்.

"அங்க சத்திரம் நெறைய இருக்குது. தெனமும் சோறு போடறாங்க. மாசியில பொண்ணு பாக்க வராங்கப்பா. வாசல்ல இவன் நின்னுகினு பே பேன்னா எவன் சம்பந்தம் வெச்சிப்பான்? கும்பல்ல கைய வுட்டுட்டா..."

 

எந்த ஊர் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத மனுஷர்.

'நான் வரலைங்க' என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த நிமிஷம் மூட்டை முடிச்செல்லாம் தணிகாசலத்தின் வண்டிக்கு மாறும். பொன்னுசாமியும் மாறுவார்.

மைக்கேல்ராஜ் சாவியை ஒரு விரலில் மாட்டிச் சுற்றினான்.

"அப்பிடீன்னா சரிப்படாதுங்க."

"ஏன்?"

"பாலத்துல அடிக்கிற காத்து அப்பிடி. போறப்போ எத்தினி பேரோ, வர்றப்போவும் அத்தினி பேர் வண்டியில இருக்கணும். அந்த வெயிட்டுக்குத்தான் டயர்ல காத்து வெச்சிகினு போறோம். ஒரு ஆள் கொறைஞ்சாலும் பொரட்டிக் கடல்ல போட்டுடும். அப்புறம் உங்க இஷ்டம். பின்னாடி பொண்ணு இருக்குது, பையன் இருக்கான்."

ரங்கசாமியின் முகம் சுருங்கியது. சட்டென்று பக்கத்து வண்டிக்காரன் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, நெஜமாவா?"

அவ்வளவு கிட்டத்தில் நின்ற தணிகாசலத்தின் காதில் எதுவும் விழாமல் இருந்திருக்காது. அவன் பீடியைக் கீழே போட்டு நிதானமாக மிதித்து அணைத்தான்.

போன மாதம் ராமேஸ்வரத்தில் பார்ட்டியை இறக்கிவிட்டு, அதே பாலத்தில் தன்னந்தனியாகக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த கதையை, மைக்கேல்ராஜ் வாயால் பத்து தடவையாவது கேட்டவன் அவன்.

"ஆமாங்க," என்றான் தணிகாசலம். "ஒரு ஆளுகூட கொறையக்கூடாது."